இருத்தலின் இசை: பெங்களூர் 'சல்க் ஸ்டேஷன்' குழுவின் மின்னணு ஆக்கங்கள் - ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்ச் செவிக்கு மின்னணு இசை புதிதன்று. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா' வெளிவந்த பின்னர், சிந்தசைசரும் கணினியும் பிறப்பித்த ஒலி தமிழகத்தின் தேநீர்க் கடைகள் வரை சென்று சேர்ந்தது. ஆயினும் இவ்வொலி தமிழரிடம் திரைப்படத்தின் கைபிடித்தே வந்தது. காட்சி, பாத்திரம், பாடல்வரி ஆகிய மூன்றும் அதற்குப் பொருள் தந்தன. இத்துணைகள் எவையுமின்றி மின்னணு இசை தன்னளவில் நிற்க முற்படும்போது அதனை எவ்வாறு கேட்பது, எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் வினாக்கள் தமிழ்த் திறனாய்வில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்குரிய களமாகப் பெங்களூரின் 'சல்க் ஸ்டேஷன்' என்னும் இசைக்குழு ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தன்வி ராவ், ராகுல் கிரி ஆகிய இருவர் 2009-இல் தொடங்கிய குழு இது. இதன் முதல் தொகுப்பான 'டில் யூ அப்பியர்' 2012-இல் வெளிவந்தது. குரல் தன்வி ராவுடையது. மின்னணு ஒலியாக்கம் பெரிதும் ராகுல் கிரியின் பொறுப்பு. இக்குழுவின் இசையைக் கேட்போர் பொதுவாக அதனைச் சோகம் என்றோ மனச்சோர்வு என்றோ கூறிவிடுகின்றனர். அக்கூற்று முழுமையானதன்று என்பதும், இவ்விசையின் உள்ளீடு இரங்கல் அன்று, இருத்தல் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். இசைக்குள் காணப்படும் இக்காத்திருப்பு, இத்தகைய குழுக்களின் வாழ்வையும் விளக்கவல்லது என்பது அதன் தொடர்ச்சியாக நிறுவப்படும்.

இந்திய மின்னணு இசையின் முன்வரலாறு

இந்தியாவில் மின்னணு இசையின் வரலாறு நெடியது; ஆனால் தொடர்ச்சியற்றது. 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் ஒன்றை அமைத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு ஆக்கங்களைப் பதிவு செய்தனர். 1970களின் தொடக்கத்திலேயே அம்முயற்சி நின்றுபோயிற்று. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. பிரித்தானிய இசைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டு வெளிக்கொணர, 2023-இல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன. ஆக்கத்திற்கும் அது பொதுமக்களின் செவியைச் சென்றடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்வும் உண்டு. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்துச் சிந்தசைசரில் இசைத்துத் தொகுப்பாக வெளியிட்டார். அது அன்று கவனம் பெறவில்லை. 2010-இல் நெதர்லாந்திலிருந்து மறுவெளியீடு கண்டபோது, சிகாகோ நகரில் தோன்றிய 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசைவகையின் ஒலியை அத்தொகுப்பு முன்கூட்டியே எட்டியிருந்தது என உலகம் வியந்தது. 28 ஆண்டுகள் கழித்து வந்த அவ்வியப்பை அவர் உயிரோடிருந்து கேட்டார் என்பது அரிதாய் வாய்த்த நற்பேறு. 2015-இல் அவர் மறைந்தார்.

இவ்விரு நிகழ்வுகளையும் வெறும் ஆர்வச் செய்திகளாகக் கடந்துவிட இயலாது. இரண்டிலும் ஆக்கம் இருந்தது. அதனை ஏற்கும் விமரிசனச் சூழல் இல்லை. இரண்டிலும் மீட்பு வெளியிலிருந்தே வந்தது. திரைப்படத்தைச் சாராத இந்திய மின்னணு இசை தொடக்கம் முதலே, கேட்பவர் தோன்றும் வரை காத்திருக்க நேர்ந்திருக்கிறது என்பது இவற்றால் புலனாகிறது.

1997-இல் கௌரவ் ரைனா, தபன் ராஜ் ஆகிய இருவர் தில்லியில் தொடங்கிய 'மிடிவல் பண்டிட்ஸ்' குழு இந்நிலையை ஓரளவு மாற்றியது. எனினும் அவர்களது முதல் தொகுப்பு 2002-இல் அமெரிக்காவின் 'சிக்ஸ் டிகிரீஸ்' நிறுவனத்தின் வாயிலாகவே வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து வந்த 'சல்க் ஸ்டேஷன்' தலைமுறைக்கு அத்தகைய வாயில் இன்றியமையாததாக இருக்கவில்லை. மடிக்கணினியே ஒலிக்கூடமாயிற்று. 2001-இல் அறிமுகமான 'ஏபிள்டன் லைவ்' போன்ற மென்பொருள்கள் இசையமைப்பையும் மேடை நிகழ்த்துதலையும் ஒரே கருவிக்குள் கொணர்ந்தன. 2008 முதல் 'சவுண்ட்கிளவுட்', 'பேண்ட்கேம்ப்' முதலிய தளங்கள், இடைநிலை நிறுவனம் இல்லாமலேயே இசைஞர் தம் ஆக்கத்தைக் கேட்போரிடம் சேர்க்க வழிசெய்தன. சுயாதீன இசை என்னும் சொல் இக்காலத்தில் பொருளியல் நிலையைச் சுட்டும் சொல்லாக மட்டுமன்றி, ஒரு படைப்பு முறையைச் சுட்டும் சொல்லாகவும் ஆயிற்று.

பெங்களூர்: எந்திரமும் சுருதியும்

பெங்களூரை மென்பொருள் நகரம் எனக் குறிப்பிடுவது வழக்கம். அதன் மின்னணு இசையை அத்தொழிலின் துணைவிளைவாகக் கருதும் போக்கும் உண்டு. இசை வரலாற்றின் நோக்கில் இந்நகரின் முதன்மையான எந்திரம் வேறொன்று. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் இந்நகரில் நிறுவிய 'ராடெல்' நிறுவனம், மின்னணுச் சுருதிப்பெட்டியையும் மின்னணுத் தம்புராவையும் உருவாக்கிப் பரப்பியது. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னே அமர்ந்து தம்புரா மீட்டிய மனிதரின் இடத்தைச் சிறு பெட்டி ஒன்று எடுத்துக்கொண்டது. மரபிசை உலகம் முணுமுணுத்தவாறே அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அப்பெட்டி இல்லாத சங்கீத வகுப்பைக் காண்பது அரிது.

இதன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மின்னணு ஒலி என்பது இளைஞர்களின் ஆட்டக்கூடத்திற்குரியது, மரபிசை என்பது உயிருள்ள கருவிகளுக்குரியது என்னும் பாகுபாடு தென்னகத்தில் 1980களிலேயே பொருளிழந்துவிட்டது. மாறாது ஒலிக்கும் ஆதார சுருதியை எந்திரத்திடம் ஒப்படைத்து, அதன்மேல் குரலை உலவவிடும் பழக்கம் தென்னிந்திய இசை மாணவர் ஒவ்வொருவரின் விடியற்காலையிலும் நிகழ்கிறது. 'சல்க் ஸ்டேஷன்' இதிலிருந்து நேரடியாகக் கிளைத்தது என்று கூறுதல் சான்றற்ற கூற்றாகும். ஆனால் அதன் ஒலியமைப்பைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் மட்டுமே போதுமானதன்று. அருகிலுள்ள சங்கீத வகுப்பையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

நகரின் நிகழ்த்துகளங்கள் பற்றிய குறிப்பும் இங்குத் தேவை. 1996-இல் தொடங்கிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' போன்ற ராக் குழுக்களால் சொந்தப் பாடல்களைக் கேட்கும் அவையினர் இந்நகரில் உருவாயினர். மறுபுறம், பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிய 2005-ஆம் ஆண்டின் ஆணை நேரலை இசைக்குத் தொடர்ந்து தடையாக இருந்துவந்தது. 2018 சனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்த பின்னர்ப் பல கூடங்களில் இசை நின்றது. இந்திரா நகரில் சுயாதீன இசையின் முதன்மைக் களமாக விளங்கிய 'தி ஹம்மிங் ட்ரீ' 2019-இல் மூடப்பட்டது. சுயாதீன இசைஞருக்கு இந்நகரம் கருவியைத் தந்தது; அவையினரைத் தந்தது; நிலையான இடத்தை மட்டும் தரவில்லை.

பெயரும் பொருளும்

குழுவின் பெயரிலுள்ள ஆங்கிலச் சொல் 'சல்க்' என்பது சினந்து பேசாதிருத்தலைக் குறிக்கும். தமிழில் அதற்கு மிக அணுக்கமான சொல் ஊடல். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஊடலுக்கு எதிரே ஒருவர் வேண்டும். தலைவி ஊடுவாள், தலைவன் வாயில் வேண்டுவான், தோழி மறுப்பாள். ஊடல் என்பது உரையாடலின் ஒரு வகை. 'சல்க்' அவ்வாறன்று. அதில் எதிரே இருப்பவர் கரைந்து மறைந்துவிட, எஞ்சுவது மௌனம் மட்டுமே. பெயரின் பிற்பகுதியான 'ஸ்டேஷன்' என்பது நிலையம். வண்டி வரும் வரை மனிதர் காத்து நிற்கும் இடம். தொகுப்பின் தலைப்போ 'நீ தோன்றும் வரை' என்னும் பொருளது. குழுவின் பெயரிலிருந்து தொகுப்பின் தலைப்பிற்குச் செல்லும் வழியில், ஊடலிலிருந்து இருத்தலுக்கு, மருதத்திலிருந்து முல்லைக்கு ஒரு நகர்வு நிகழ்கிறது.

தொல்காப்பியம் கூறும் உரிப்பொருள் ஐந்தனுள் இருத்தலும் இரங்கலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் பிரிவின் விளைவுகளே. எனினும் நெய்தலின் இரங்கலில் எல்லை புலப்படாது; வருவார் என்னும் உறுதி தளர்ந்துவிடுகிறது. முல்லையின் இருத்தலிலோ ஓர் எல்லை உண்டு. கார்காலம் அவ்வெல்லை, தலைவன் குறித்துச் சென்ற பருவம் அது. அதுவரை ஆற்றியிருத்தல் செயலற்ற நிலையன்று, தன்னைத் தானே தாங்கிநிற்கும் ஆற்றல் ஆகும். 'நீ தோன்றும் வரை' என்னும் தலைப்பில் உள்ள 'வரை' என்னும் சொல் இவ்வெல்லையைச் சுட்டுகிறது. இசைஞர்கள் அகமரபை அறிந்து இவ்வாறு பெயரிட்டனர் என்பது இங்குக் கருத்தன்று. இசையைப் பகுத்துணர்வதற்குத் தமிழ் மரபு வழங்கும் நுட்பமான வேறுபாடு ஒன்று இங்கே பயன்படுகிறது என்பதே கருத்து.

நடை

இக்குழுவின் இசை, 'டிரிப் ஹாப்' என்னும் வகையோடு இணைத்துப் பேசப்படுவது. 1990களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரில் உருவான வகை இது. ஹிப் ஹாப் தாளத்தைத் தளர்த்தி, கனத்த தாழ்சுரத்தை அடியில் பரப்பி, அதன்மேல் தனித்தொலிக்கும் குரலை நிறுத்துவது இதன் இயல்பு. 'மாசிவ் அட்டாக்' குழுவின் 'புளூ லைன்ஸ்' (1991), 'போர்ட்டிஸ்ஹெட்' குழுவின் 'டம்மி' (1994) ஆகியன இவ்வகையின் அடித்தளத் தொகுப்புகள். 'போர்ட்டிஸ்ஹெட்' பாடல்களில் குரல் உடைவதற்கு மிக அருகில் சென்று நிற்கும். அங்கு மேலோங்குவது இரங்கல் எனலாம்.

'டில் யூ அப்பியர்' தொகுப்பில் தளர்ந்த நடை அவ்வாறே உள்ளது. கனத்த தாழ்சுரமும் உள்ளது. குரல் மட்டும் உடைவதை நாடவில்லை. இதற்குக் காரணம் தன்வி ராவ் பெற்ற இந்துஸ்தானிப் பயிற்சியில் இருக்கிறது. இந்துஸ்தானி கயால் பாடலின் விளம்பித நடையில் ஒரு தாளவட்டம் மிக நீண்டு செல்லும். பாடகர் சுரங்களை ஒவ்வொன்றாக விரித்துச் சென்று, வட்டத்தின் முதல் அடியாகிய 'சம்' என்னும் இடத்தில் வந்து சேர்வார். அவ்வருகைக்காக அவையினர் காத்திருப்பர். வந்து சேர்ந்ததும் தலையசைப்பர். விளம்பித நடை கேட்பவருக்குக் கற்பிப்பது காத்திருப்பையே ஆகும். அப்பயிற்சியில் வளர்ந்த குரல் நீண்ட இடைவெளிகளைக் கண்டு அஞ்சுவதில்லை. அவற்றை நிரப்ப அழுகையையும் நாடுவதில்லை.

மின்னணு இசையின் அடிப்படை அலகாகிய சுழற்சியும், அதாவது ஒரு சிறு ஒலிப்பகுதி மீண்டும் மீண்டும் வருதலும், முதல் அடிக்கே திரும்புவது. ஆனால் தாளவட்டத்திற்கும் மின்னணுச் சுழற்சிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தாளவட்டத்தில் திரும்பி வருபவர் மனிதர். வருவாரா, எவ்வாறு வருவார் என்னும் ஐயம் இருக்கும். மின்னணுச் சுழற்சி ஐயத்திற்கு இடமின்றித் திரும்பும். இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது 'சல்க் ஸ்டேஷன்' குழுவின் தனிச்சிறப்பு. அடியில் எந்திரம் தவறாது வந்துகொண்டிருக்கிறது. மேலே குரல் தன் விருப்பப்படி காலம் தாழ்த்துகிறது. காத்திருப்பவர் அமர்ந்திருக்கும் அறையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதைப் போன்றது இவ்வமைப்பு.

சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரைமரபு முதனடை, வாரம், கூடை, திரள் என இயக்கம் நான்கினைக் கூறும். தாழ்ந்த செலவினை உடைய முதனடை முதல் முடுகிய செலவினை உடைய திரள் வரை அவை அமையும். இன்றைய ஆட்டக்கூட இசையின் பெரும்பகுதி திரளிலேயே வாழ்கிறது. உடலை அசைவிப்பது அதன் நோக்கம். நகரின் மதுக்கூடங்களில் நிகழ்த்தப்பட வேண்டிய மின்னணு இசை, முதனடையைத் தேர்ந்துகொள்வது வணிக நோக்கில் இடர் மிக்க தேர்வு. ஆடுவதற்கு வந்தவரை நிறுத்திக் கேட்கச் செய்வது அது. இக்குழுவின் சுயாதீனம் எங்கு வெளிப்படுகிறது எனில், ஒப்பந்தம் இன்மையில் அன்று, இந்நடைத் தேர்வில்தான் எனக் கூறுதல் தகும்.

சொல்லும் குரலும்

தொகுப்பின் பாடல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைந்தவை. ஆங்கிலப் பாடல்களில் சொல்லின் பொருள் முன்நிற்க, 'பிந்த்யா' போன்ற இந்திப் பாடலில் இந்துஸ்தானிச் சாயல் முன்நிற்கிறது. இரு மொழிகளிலும் பொதுவாக ஒன்று நிகழ்கிறது: எதிரொலியினூடே சொல்லின் விளிம்புகள் மங்கி, உயிரெழுத்துகள் நீண்டு, குரலும் ஒரு கருவியாக மாறுகிறது. தமிழ் இசைமரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. பண்ணை ஆளத்தியாக விரிக்கும்போது எவ்வெழுத்துகள் ஒலிக்கத்தக்கன என்பதை அடியார்க்கு நல்லார் உரை எடுத்துரைக்கிறது. சொல்லுக்கு முன்னே ஒலி நின்று பண்ணின் உருவைக் காட்டுதல் ஆளத்தியின் பணி. திரைப்பாடலில் பழகிய செவி, 'வரி என்ன?' என்றே முதலில் கேட்கும். ஆளத்தியில் பழகிய செவிக்கு அவ்வினா எழாது. இத்தகைய மின்னணு இசையைக் கேட்கத் தமிழ்ச் செவி தகுதியற்றது என்னும் எண்ணம் தவறானது. அதற்குரிய பயிற்சி மரபிலேயே இருக்கிறது.

குறைகள்

இத்தொகுப்பைப் புகழ்ந்து மட்டும் செல்லுதல் திறனாய்வாகாது. முதற்குறை ஒருமைத்தன்மை. நடையும் மனநிலையும் பாடலுக்குப் பாடல் அணுக்கமாக இருப்பதால், தொகுப்பை ஒரே அமர்வில் கேட்பவருக்கு ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் உள்ள எல்லை மங்கிவிடுகிறது. முல்லையின் இருத்தலில் முதலில் மேகம் திரளும், பின்பு பிடவும் காயாவும் பூக்கும், இறுதியில் தேரின் மணியோசை கேட்கும். காத்திருப்பு நீள நீளப் புறவுலகில் அறிகுறிகள் மாறுகின்றன. 'டில் யூ அப்பியர்' தொகுப்பில் இவ்வகை மாற்றம் போதிய அளவு இல்லை.

இரண்டாவது குறை மொழி சார்ந்தது. இது குழுவின் குறை என்பதினும் அந்நகரச் சுயாதீன மின்னணு இசையின் பொதுக்குறை எனல் பொருந்தும். பெங்களூர் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் தெருவில் கலந்து ஒலிக்கும் நகரம். ரகு தீட்சித் 2008-இல் வெளியிட்ட தம் முதல் தொகுப்பிலேயே கன்னடச் சித்தர் மரபினரான சிசுநாள ஷரீப் பாடலுக்கு இடமளித்தார். நாட்டார் இசையும் ராக்கும் கலந்த சுயாதீன இசை நகரின் மொழிக்குள் இறங்கிய அக்காலத்தில், மின்னணு இசை பெரிதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தங்கிவிட்டது. மின்னணு ஒலிக்கும் வட்டார மொழிக்கும் இயல்பான பகை ஏதும் இல்லை. இலண்டன் ஈழத்தமிழ்க் கலைஞர் மாயா அருள்பிரகாசம் தம் 'கலா' (2007) தொகுப்பின் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவு செய்து, உறுமி மேள ஒலியை மின்னணுத் தாளத்தோடு பிணைத்தார். அவ்வுறுமி அலங்காரமாக நில்லாது, பாடலைச் செலுத்தும் விசையாகவே அமைந்தது. பெங்களூர் மின்னணு இசை தன் தெருவைக் கேட்டிருந்தால் அதன் காத்திருப்பில் மேலும் பல குரல்கள் ஒலித்திருக்கும்.

தொகுப்புக்குப் பின்

ஒரு குழுவின் வாழ்வைத் தொகுப்புகளின் எண்ணிக்கையால் அளப்பது இசை வணிகத்தின் வழக்கம். அவ்வளவுகோலின்படி 'சல்க் ஸ்டேஷன்' சிறு குழுவே; அது இன்றும் பேசப்படுவது பெரிதும் முதல் தொகுப்பால். ஆனால் அதன் தொடர்ச்சி வேறு வடிவங்களில் நிகழ்ந்தது. ராகுல் கிரி தம் பெயரின் உயிரொலிகளை நீக்கி எஞ்சிய ஆங்கில மெய்யெழுத்துகளைப் பெயராகக் கொண்டு, 'ஆர்எச்எல்' எனத் தனித்து இசையமைத்தார். அங்குக் குரல் பின்வாங்கத் தாளமே முன்வந்தது. 'கன்சாலிடேட்' என்னும் கூட்டமைப்பின் வழியே பிற மின்னணு இசைஞர்களின் ஆக்கங்களை வெளியிடவும் நிகழ்ச்சிகளை நடத்தவும் அவர் முற்பட்டார்.

இம்மாற்றம் சுயாதீன இசையின் உள்ளியல்பைக் காட்டுகிறது. வெளியிடும் நிறுவனம் இல்லாத சூழலில் இசைஞரே வெளியீட்டாளர். களம் இல்லாத சூழலில் அவரே நிகழ்ச்சி அமைப்பாளர். 2010-இல் புனேயில் தொடங்கி 2012-இல் பெங்களூருக்கும் வந்த 'என்எச்7 வீக்கெண்டர்' போன்ற விழாக்கள் ஆண்டுக்கொருமுறை பெரிய மேடையைத் தந்தன. எஞ்சிய நாள்களுக்குரிய சிறிய மேடையை இசைஞர்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தொகுப்பு ஒன்றை ஆக்கியவர் பிறர் தொகுப்புகளுக்கு வழி அமைப்பவராக மாறுவதை ஆக்கத்தின் தேய்வு எனக் கருதுதல் கூடாது. தம் தொகுப்பின் தலைப்பு குறித்த காத்திருப்பை அவர் பிறருக்குச் சற்றே குறைத்தார் எனக் கருதுதலே பொருந்தும்.

நினைவுச் சிக்கல்

சுயாதீன மின்னணு இசை எதிர்கொள்ளும் மிகப் பெரிய இடர் வருவாயின்மை அன்று, மறதி. அகமதாபாத் ஒலிநாடாக்கள் அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்ததற்குக் காரணம், அவை பருப்பொருளாக ஓரிடத்தில் இருந்தமை. சரண்ஜித் சிங்கின் தொகுப்பு மீண்டதற்குக் காரணம், இசைத்தட்டு ஒன்று யாரோ ஒருவர் கையில் சிக்கியமை. 2009-க்குப் பிந்தைய சுயாதீன இசையின் பெரும்பகுதிக்கு நாடாவும் இல்லை, தட்டும் இல்லை. அது வணிகத் தளங்களின் சேமிப்பகங்களில் இருக்கிறது. தளம் மூடப்பட்டாலோ, உரிமையாளர் மாறினாலோ, கட்டணம் நின்றாலோ ஆக்கம் சுவடின்றி மறையும். மென்பொருளின் பதிப்பு மாறினால், இசைஞரே தம் பழைய கோப்பைத் திறக்க இயலாமற் போகும். எவரும் தேடிக் கண்டெடுக்க ஒரு பெட்டிகூட எஞ்சாது.

ஏடுகள் செல்லரித்து அழிந்த வரலாற்றை நன்கறிந்தது தமிழ்ச் சமூகம். பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைத்தமிழ் நூல்கள் பெயரளவில் மட்டுமே எஞ்சியிருப்பதற்கும், அவற்றின் பெயரேனும் எஞ்சியிருப்பதற்கும் காரணத்தை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நூல்கள் அழிந்தன; உரையாசிரியர்கள் அவற்றைக் குறிப்பிட்டமையால் பெயர்கள் பிழைத்தன. ஆக்கம் அழிந்த பின்னும் அதனைப் பற்றிய எழுத்து நிற்கும். ஆகவே இத்தகைய இசையைப் பற்றி எழுதுதல் அதன் காப்பு முயற்சியின் ஒரு பகுதியாகிறது. எவர் பாடினார், எக்கருவி பயன்பட்டது, எந்நடையில் அமைந்தது, எவ்வாண்டு வெளிவந்தது, எங்கு நிகழ்த்தப்பட்டது என்னும் எளிய செய்திகளேனும் அச்சில் பதிவாதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. 'சல்க் ஸ்டேஷன்' குழுவின் இசையைச் சோகம் என்னும் ஒரே சொல்லால் சுட்டுதல் பொருந்தாது; எல்லை நோக்கி ஆற்றியிருக்கும் இருத்தலே அதன் உரிப்பொருள். எந்திரச் சுழற்சியின் உறுதியும் விளம்பிதக் குரலின் தாமதமும் ஒன்றன்மேல் ஒன்று அமைந்து இவ்வுணர்வைப் பிறப்பிக்கின்றன. மின்னணுச் சுருதியோடு மரபிசை பயிலும் தென்னகச் சூழலில் இக்கேட்பு அயன்மையானதன்று. ஒருமைத்தன்மையும் நகரின் மொழிகளைத் தவறவிட்டமையும் இத்தொகுப்பின் வரம்புகள். இக்குழுவின் வாழ்வை எண்ணிக்கையால் அளவிடாது, அது பிறருக்குத் திறந்த வழிகளையும் சேர்த்து மதிப்பிடுதல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் நாட்டார் பாடல்களைக் களப்பணியால் திரட்டிக் காத்துவந்துள்ளன. அப்பணியை நகரின் மடிக்கணினிகளில் பிறக்கும் இசைக்கும் விரித்தல் காலத்தின் தேவை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொரன்டோவிலும் தமிழ் இளைஞர்கள் இன்று ஆக்கிவரும் மின்னணு இசையைப் பட்டியலிட்டு, ஒலிக்கோப்புகளின் படிகளை இசைஞர்களின் இசைவோடு நூலகங்களில் சேர்த்துவைப்பது அதன் முதற்படியாக அமையலாம். சரண்ஜித் சிங் 28 ஆண்டுகள் காத்திருந்தார். அகமதாபாத்தில் மூக் சிந்தசைசரை இயக்கிய கீதா சாராபாய் தம் ஒலிநாடாக்கள் தொகுப்பாக வெளிவருவதைக் காணாமலேயே மறைந்தார்.